வலிப்பும் ஐந்து நிமிடமும்

கொழுந்தெடுக்கும் மலையில் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால், நம்மவர் இரும்பைத் தேடி ஓடுவர். இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் ஆற்றல் இல்லை. கூடைக் கயிற்றை நீக்கி, ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, கடிகாரத்தைப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்திலும் நில்லாத வலிப்பு உயிருக்கே ஊறு செய்யும். அதனை அடக்கும் டயசிபாம், மிடசோலாம் ஆகிய மருந்துகளை அவ்வேளையில் விழுங்கச் செய்தல் ஆகாது; பயிற்சி பெற்றோர் ஊசி மூலமோ, ஆசனவாய் வழியாகவோ, கன்னத்தின் உட்புறத்திலோ செலுத்துவர்.

தார்ச்சாலைக்குத் தொலைவான லயங்களில் ஒவ்வொரு நிமிடமும் பெரிது. ஆதலின் அங்குள்ளோர் தாமதியாது 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். சுவசெரிய வண்டி கட்டணமின்றி வரும். ஒருவர் சந்தியில் நின்று வழி காட்டுக.

வீடு திரும்பியபின், மருத்துவர் தந்த மாத்திரையைத் தம் விருப்பப்படி நிறுத்தற்க. திடீரென நிறுத்துவதே நீண்ட வலிப்பை மீண்டும் வரவழைப்பதுண்டு.