தீபாவளி அடுப்பும் பெண்களின் தூக்கமும்

(தோட்டக் கிளை ஒன்றின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளமும் போனஸும் பேசும் மேடையில் முறுக்கு மாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. தீபாவளிக்கு அரசாங்க விடுமுறை ஒரே ஒரு நாள். அதற்கு முதல் நாளும் மரம் வெட்டியாக வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்துக்குப் பண்டிகை தெரியாது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண், பிற்பகலில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி நள்ளிரவுக்குப் பின் இறக்குகிறாள். மறுநாள் எல்லோரும் புத்தாடை உடுத்தி உண்ணும்போது, அவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கி வழிகிறாள். வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டுக் குரல் கொடுக்கும் நாம், நம் வீட்டு அடுப்படியில் நடக்கும் இந்த இரண்டாவது வேலையைக் கண்டும் காணாமல் இருக்கலாமா?

முதலில், எந்தப் பண்டம் நாள் தாங்கும், எது தாங்காது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை இவையெல்லாம் பத்து நாள் முன்னதாகவே செய்யக்கூடியவை. நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி நமுத்துப்போகும். அதிரச மாவோ இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் பதமாகும். ஆக, கடைசி இரவுக்கு இவற்றில் ஒன்றையும் வைக்கத் தேவையில்லை.

ஐப்பசி மழை நமக்குத் தெரிந்ததே. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, கூலியும் குறைகிறது. அந்த நாளை வீணாக்காமல் பச்சைப்பயறு, உளுந்து ஆகியவற்றை வறுத்து அரைத்து வைத்துவிடலாம். வெயிலை நம்பி மாவைக் காயப்போட வேண்டாம். சட்டியிலேயே ஈரம் போக வறுத்து எடுங்கள். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு என்பது பலர் கையாளும் அளவு. இரண்டையும் கட்டியில்லாமல் சலியுங்கள். கட்டிக்குள் அடைபட்ட ஈரம் எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

அடுத்தது கூட்டு வேலை. ஆட்டுக்கறியைப் பங்கு போட்டு எடுக்கும் வழக்கம் நம் லயங்களில் நெடுங்காலமாக உண்டு. கறிக்கு உள்ள ஒற்றுமை முறுக்குக்கு ஏன் இல்லை? நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே மாலையில், ஒரே பெரிய சட்டியில் சுட்டால், நான்கு முறை எண்ணெய் காய்ச்சும் வேலையில்லை. ஒருத்தி பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி வேகவைத்து எடுக்க, ஒருத்தி எண்ணிப் பங்கிட வேண்டும். செலவுக் கணக்கைக் கிராணியார் ஒருவர் எழுதட்டும். கணக்கு எழுதாமல் தொடங்கினால் தீபாவளிக்கு மறுநாள் சண்டைதான்!

தோழர்களே, சிரிக்க வேண்டாம். தேங்காய் துருவவும், வெங்காயம் உரிக்கவும், மாவு ஆட்டவும் கைதான் வேண்டும். அது ஆண் கையா பெண் கையா என்று தேங்காய் கேட்பதில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கடையில் உட்கார்ந்து புட்டி திறக்கும் நேரம் அதுவன்று.

தூக்கக் கலக்கத்தில்தான் விபத்து வருகிறது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தீ மேலே எழும்பிப் பரவும். அடுப்பை அணைத்து, இரும்பு மூடியால் சட்டியை மூடுங்கள். கையில் சுட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்திருங்கள். கிச்சாப்பு, பற்பசை தடவும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், சுட்டது பிள்ளையாக இருந்தாலும், கிளினிக்குக்கே போக வேண்டும்.

பண்டிகைக் காலையில் எண்ணெய்க் குளியலுக்குப் பின் இட்லியும் கறியும் போதும். இட்லி மாவை முதல் நாள் மாலை ஆட்டி வைத்தால் இரவிலேயே புளித்துவிடும். இஞ்சி, பூண்டு, மசாலா எல்லாம் அப்போதே அரைத்து வைக்கலாம். தேங்காய்ப்பாலை மட்டும் அன்றே பிழியுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் எளிதில் கெடுவது அதுதான். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் குளிர்பெட்டியில் வைத்து, மறுபடி உண்ணும்போது நன்றாகக் கொதிக்க வையுங்கள். முதல் நாளே முன்னோருக்குப் படையல் போடும் வீடுகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கறிதான் காலைவரை திறந்தே கிடக்கிறது.

மலாய், சீன நண்பர்கள் வருவார்களே என்று மூன்று வகைக் கறி வைத்துத் தவிக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆசையோடு கேட்பது முறுக்கைத்தான். இஸ்லாமிய நண்பர்களுக்குக் கறி வைப்பதானால், ஹலால் கடையில் வாங்கியதைத் தனிப் பாத்திரத்தில் சமையுங்கள்; அல்லது பலகாரத் தட்டும் பழமும் தேநீரும் நிறைவான உபசாரமே.

அச்சு முறுக்குக்கு இரும்பு அச்சு இருப்பவர்கள், பெரிய சட்டி இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மேல்லயத்தில் சனிக்கிழமை, கீழ்லயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். விறகு பிளக்க ஆறு பேர் வேண்டும். பின்வரிசையில் இருந்து கை தூக்குங்கள், பார்ப்போம்.