கூத்துக்கு உரிய வினைச்சொல்

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் பேச்செல்லாம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றியதாகவே இருக்கும். அவ்விழாவை ஆங்கிலத்தில் எழுதும்படி இவ்வூர் மாணவர் ஒருவரிடம் சொன்னால், அவர் கைக்கு முதலில் அகப்படுவது ‘பெர்போம்’ என்னும் ஒரே வினைச்சொல்லாகத்தான் இருக்கும். கூத்துக்கும் அதுவே, காவடிக்கும் அதுவே, தீர்த்தத்துக்கும் அதுவே. அக்கட்டுரையில் இலக்கணப் பிழை இராது. ஆனால் விழாவும் இராது.

தமிழர் இவற்றுக்கு ஒரே வினையை வழங்குவதில்லை. விழாவின் தொடக்கத்தில் பாக்குத் தெண்டுகிறார்கள், தீர்த்தம் எடுக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள், கும்மி அடிக்கிறார்கள், கூத்து ஆடுகிறார்கள். கண்ணகியின் கதையைச் சொல்லும் நூலுக்கும் வன்னியில் ‘சிலம்பு கூறல்’ என்றே பெயர். தெண்டல், எடுத்தல், அடித்தல், ஆடல், கூறல் என்னும் இவ்வினைகள் ஒவ்வொன்றும், செய்பவர் யார், யார் முன்னிலையில் செய்கிறார், எதன் பொருட்டுச் செய்கிறார் என்பவற்றைத் தம்முள் அடக்கியவை.

காவடியை எடுத்துக்கொள்வோம். காவடி எடுப்பவர் ஆடுகிறார் என்பது உண்மையே. அதனால் ‘டான்ஸ்’ என்னும் சொல்லை மட்டும் இட்டால், பாதம் தெரியும், நேர்த்தி தெரியாது. நோய் தீர்ந்த பிள்ளைக்காகத் தாய் வைத்த நேர்த்தி அந்தத் தோளில் இருக்கிறது. ஆகவே சுமத்தலைக் குறிக்கும் ‘கேரி’ என்னும் வினையை முதலில் வைத்து, நேர்த்தியை அதனோடு சேர்த்துச் சொல்லி, ஆட்டத்தை அதன் பின் கூறுவதே முறை. தீர்த்தமும் அவ்வாறே. கடலிலிருந்து எடுத்துவரும் உப்புநீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிவதாக அடியார் போற்றுகின்றனர். அங்கே எடுத்து வருதலே வழிபாடு. ‘சடங்கு நிகழ்த்தினர்’ என்று எழுதினால் கடலும் மறையும், நடந்துவந்த வழியும் மறையும்.

கூத்தின் சிக்கல் வேறு வகையானது. முல்லைத்தீவுப் பகுதி கோவலன் கூத்துக்குப் பேர்பெற்றது. அதில் வருபவர் பாடுகிறார், ஆடுகிறார், வசனமும் பேசுகிறார். ஆயினும் தமிழில் ‘கூத்து ஆடினார்’ என்கிறோம். ‘நாடகம் நடித்தார்’ என்கிறோம். இரண்டையும் மாற்றி வழங்குவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் புதுமுறையில் மேடையேற்றியபோது களரியும் நேர அளவும் மாறின. ஆடுதல் என்னும் சொல் மாறவில்லை. ஆங்கிலத்தில் ‘டான்ஸ்’ என்றால் கதை போய்விடும். ‘அக்ட்’ என்றால் தாளக்கட்டு போய்விடும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. கொரிய நாட்டின் பான்சோரி என்னும் கலையில் ஒருவர் விசிறி ஏந்தி நின்று நெடுங்கதை சொல்கிறார். மற்றொருவர் அமர்ந்து மத்தளம் போன்ற முழவை இசைக்கிறார். பாட்டும் உரையும் மெய்ப்பாடும் அதில் கலந்திருக்கின்றன. யுனெஸ்கோ 2003இல் சிறப்பித்த அக்கலையை வெறுமனே ‘பாடினார்’ என்றால் உரை விடுபடும். ‘நடித்தார்’ என்றால் எல்லாப் பாத்திரங்களையும் ஒருவரே தாங்கும் அருமை விடுபடும். டால்ச்சும் என்பதற்கோ முகமூடி ஆட்டம் என்பதே பொருள். எனினும் அதிலும் பேச்சுண்டு, நையாண்டியுண்டு. நல்ல எழுத்தாளர் இங்கே ஒரு சொல்லைத் தேடி அலைவதில்லை. கலையின் பெயரை அப்படியே வைத்து, முழவுக்கு இசையப் பாடினார், இடையிடையே உரைத்தார் என்று இரண்டு மூன்று வினைகளை அடுக்குகிறார். கூத்துக்கும் அதுவே வழி.

இதனைச் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட இயலாது. 2009இல் இம்மண்ணின் மக்கள் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். பலர் திரும்பினர்; பலருடைய பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் வளர்கின்றனர். பாட்டியின் ஊர்த் திருவிழா அப்பிள்ளைகள் பலரை ஆங்கிலத்தின் வழியாகவே சென்றடைகிறது. அங்கே நேர்த்தி வெறும் காட்சியாக மாறிவிட்டால், அதைத் திருத்தப் பாட்டி அருகில் இருக்கமாட்டாள்.

ஆகையால், விழாவை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் அகராதியைத் திறக்குமுன் வீட்டில் உள்ள முதியவரிடம் ஒன்று கேட்கட்டும்: ‘இதை என்ன செய்கிறார்கள் என்று சொல்வீர்கள்?’ எடுக்கிறார்கள் என்பார், ஆடுகிறார்கள் என்பார், கூறுகிறார்கள் என்பார். அவ்விடையைப் பெற்றபின் ஆங்கில வினையைத் தேடினால், அது பிழைபடாது.