நோயாளியின் பக்கத்தில் ஒரு மாணவர்

(விழாவையொட்டி மேல்மலையனூரில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வாரம் நம் பங்கின் பெரியவர் ஒருவர் என்னிடம், "முண்டியம்பாக்கம் போகச் சொல்றாங்கம்மா. அங்க படிக்கிற பிள்ளைங்க சுத்தி நின்னு கேள்வி கேப்பாங்களாம். நான் என்ன காட்சிப் பொருளா?" என்று வருத்தப்பட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010-ல் தொடங்கியது. கல்லூரி வந்தால் மாணவர்களும் வருவார்கள். 2019-ல் நாடு முழுவதும் மருத்துவப் பாடத்திட்டம் மாறியது. முதலாண்டிலேயே, 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன?' என்று ஒரு பாடம் வைத்தார்கள். மாணவர் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளியோடு பேசி, அவர் படும் பாட்டை அறிந்து, வகுப்பில் விவாதிக்க வேண்டும். 2022-ல், கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் சேர்ந்தது.

இதில் நமக்கென்ன என்பீர்கள். என் தாயாரைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள். ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. தலைமாட்டு அட்டையை எவரும் கழற்றவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை. டாக்டரைக் கேட்டால் தப்பாக நினைப்பாராம்! சர்க்கரை நோய்க்காரர், வழக்கப்படி காலை மாத்திரையை வேறு போட்டுக்கொண்டார். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்றாள். அதற்குள் அம்மாவுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருந்தது. மாணவி ஓடிச் சொன்னாள், குளுக்கோஸ் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அன்று ஊசி போடக்கூடத் தெரியாது. அதன்பின் அந்த வார்டில், பரிசோதனை தள்ளிப் போனால் அட்டையை உடனே எடுப்பது வழக்கமாயிற்று.

நானும் முப்பது வருஷம் வார்டில் ஓடியவள்தான். எத்தனை அட்டைகளைப் பார்க்காமல் கடந்தேனோ!

ஒன்று மட்டும் கண்டிப்பு. மாணவர் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் வேண்டாம், அதற்காக வைத்தியம் குறையக் கூடாது. மாணவர்கள் கண்டதும் நோட்டோடு நின்றுவிடாமல் வார்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

சம்மதித்தால் உள்ளதைச் சொல்லுங்கள். அமாவாசைக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாமல் மாத்திரை வாங்கப் போகாதவர்கள் இங்கே உண்டு. சீட்டில் 'வரவில்லை' என்றுதான் இருக்கும். ஏன் வரவில்லை என்பதை, உட்கார்ந்து கேட்பவரிடம்தானே சொல்ல முடியும்?

பெரியவர் திங்கட்கிழமை போகிறார். பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.