முதலாளி இல்லாத கம்பெனியா?



முதலாளியே இல்லை என்று சொல்லிக்கொண்ட ஒரு கம்பெனியின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் பி-இசட்-எக்ஸ் என்ற கம்பெனி, கடன் கொடுத்து விலைப் பந்தயம் நடத்தியது. லைசென்ஸ் கிடையாது. கணக்கெல்லாம் பிளாக்செயினில், அதாவது, ஒரே பேரேட்டின் நகல் பல கம்ப்யூட்டர்களில். 2021இல் நிர்வாகத்தை, டோக்கன் வைத்திருப்போர் ஓட்டுப் போடும் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். இனி எந்தச் சட்டமும் தொடாதாம்! பினாமித் தந்திரம் நமக்குப் புதிதா?

2022இல் அரசு ஆணையம் பிடித்தது. கம்பெனிக்கும் நிறுவியவர் இருவருக்கும் சேர்த்து 2,50,000 டாலர் அபராதம். அமைப்பின் மீதும் வழக்கு. அதற்கு விலாசம் ஏது? இணையதளத்தின் உதவிப் பெட்டியில் சம்மனைப் போட்டார்கள்! வாதாட யாரும் வரவில்லை. 2023 ஜூனில் 6,43,542 டாலர் அபராதம் விழுந்தது.

நம்மை உறுத்துவது வேறு. ஓட்டுப் போட்டவரெல்லாம் உறுப்பினர் என்றது ஆணையம். அதன் உறுப்பினர் ஒருவரே அதை ஏற்கவில்லை. 2021 நவம்பரில் இங்கே 5.5 கோடி டாலர் திருடு போனது. பணம் இழந்தோர் தொடுத்த வழக்கில், டோக்கன்காரர்களைப் பங்காளிகளாகக் கருத இடமுண்டு என்றது இன்னொரு நீதிமன்றம். பங்காளி என்றால் முழுக் கடனுக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. திட்டம் போட்டவனும் சில்லறை டோக்கன் வாங்கியவனும் ஒரே தராசிலா?

வயோமிங் மாநிலம் 2021இலேயே இத்தகைய அமைப்புகளைப் பதிவு செய்யச் சட்டம் போட்டது. பதிவு செய்திருந்தால், சின்னவனுக்குப் போட்ட பணத்தோடு போயிருக்கும். இவர்கள் செய்யவில்லை.