ஒரு கையொப்பம் குறைந்த கதை

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



போன வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தலைவி ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவுல ஜனாதிபதி தேர்தல் முடிவு வந்த பிறகும் எம்.பி.மார் எழும்பி நின்னு இது பிழைன்னு சொல்றாங்களே, அது எப்பிடி? நம்ம எம்.பி.மாருக்கு அப்பிடி சொல்ல ஏலுமா?" அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் இன்றைய வகுப்பை அந்தக் கேள்விக்கே ஒதுக்கினோம்.

கடைசிப் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் அப்படி ஏலாது. ஜனாதிபதித் தேர்தலை எதிர்ப்பதானால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1988 தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் போட்ட மனு வருடக்கணக்கில் நடந்து, 1992இல் தள்ளுபடியானது. பாராளுமன்றத்துக்கு அதில் வேலை இல்லை.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே மக்கள் போடும் வாக்கு நேராக ஜனாதிபதியிடம் போவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்கு என்று ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில், முந்துகிறவருக்கு அந்த மாநிலத்தின் வாக்கு முழுவதும் போய்விடும். தேர்தல் முடிந்து வரும் ஜனவரி 6ஆம் திகதி, பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் ஒன்றாகக் கூடி அந்த வாக்குகளை எண்ணும். உப ஜனாதிபதி தலைமையில் இருப்பார். அந்த நேரத்தில் ஒரு மாநிலத்தின் வாக்கை உறுப்பினர்கள் ஆட்சேபிக்கலாம். 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஒருவரும் செனட் சபையில் ஒருவரும் கையொப்பம் போட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது ஆட்சேபணையே இல்லை.

இது நமக்குப் புதிதான விஷயமா? பிரட்டுக் களத்தில் நின்று துரையிடம் வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தொழில் திணைக்களத்துக்குப் போனால் முதல் கேள்வியே "கடிதம் எங்கே?" என்பதுதான்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வருவோம். புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் போட்டி. புளோரிடா மாநிலம்தான் முடிவைத் தீர்மானித்தது. அங்கே வித்தியாசம் வெறும் 537 வாக்கு. மீள எண்ணுவதை அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பில் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த மாநிலத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் சுமார் 180,000. வாக்களித்தவர்களில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு 11 பேர் அளவில்தான். நிராகரிக்கப்பட்ட வாக்குகளிலோ ஏறத்தாழ 54 சதவீதம் அவர்களுடையவை என்று அந்நாட்டின் குடியியல் உரிமை ஆணைக்குழு பின்னர் மதிப்பிட்டது.

அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. குற்றவாளிகளுக்கு வாக்கில்லை என்ற அந்த மாநிலச் சட்டத்தின்படி, இடாப்பிலிருந்து வெட்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போனாலே போதும் என்று சேர்த்ததால், ஒரு குற்றமும் செய்யாதவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். வாக்குப் போடப் போன இடத்தில்தான் சிலருக்குத் தங்கள் பெயர் இல்லை என்பதே தெரியவந்தது.

2001 ஜனவரி 6ஆம் திகதி, கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பி புளோரிடா வாக்கை ஆட்சேபித்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: செனட்டர் ஒருவரின் கையொப்பம் இருக்கிறதா? இல்லை. நூறு செனட்டர்களில் ஒருவர்கூட கையொப்பம் போடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு ஒவ்வொருவரையும் உட்காரச் சொன்னவர் யார் தெரியுமா? தோற்றுப்போன அல் கோரேதான். அவர்தான் அப்போது உப ஜனாதிபதி. அவர் சட்டப்படிதான் நடந்தார்; அதைக் குறை சொல்ல முடியாது. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் பேனையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததை மட்டும் நம்மால் மன்னிக்க முடியவில்லை.

நாலு வருடம் கழித்து, 2004 தேர்தல். இந்த முறை ஒஹாயோ மாநிலம். புஷ் ஏறத்தாழ 118,000 வாக்கால் முந்தினார். அங்கே தேர்தலை நடத்தும் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலாளரே, புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு அந்த மாநிலத்தில் இணைத் தலைவராகவும் இருந்தார். கறுப்பின மக்கள் கூடுதலாக வாழும் நகரப் பகுதிகளில் வாக்களிப்பு இயந்திரங்கள் போதவில்லை. மழையில் மணிக்கணக்காக வரிசை. கேம்பியர் என்ற சின்ன ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. 1,300 பேரளவில் வாக்காளர், இரண்டே இயந்திரம். கடைசி மாணவர்கள் வாக்குப் போட்டு முடிக்கும்போது விடியற்காலை நாலு மணி ஆகிவிட்டது. மாணவர்களாவது இரவெல்லாம் நிற்பார்கள். கைப்பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் நிற்பாளா? அரைநாள் சம்பளம் வெட்டப்படும் என்று தெரிந்தவர் நிற்பாரா? வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களின் கணக்கு எந்தப் பெட்டியிலும் இல்லை.

கஹானா என்ற இடத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு வாக்குச்சாவடியில் வாக்களித்தவர்கள் 638 பேர். இயந்திரமோ புஷ்ஷுக்கு மட்டும் 4,258 வாக்கு என்று காட்டியது. 3,893 வாக்கு தானாகவே கூடியிருந்தது. அதைப் பிறகு திருத்திவிட்டார்கள். ஏன் திருத்த முடிந்தது? எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு தனியாக எழுதப்பட்டிருந்தது. மலையில் நிறுத்த கொழுந்துக்கும் ஸ்டோரில் விழுந்த கொழுந்துக்கும் வித்தியாசம் வரும்போது, நம் பெண்கள் கையில் துண்டு இருந்தால்தானே பேச முடிகிறது? அதே கதைதான்.

2005 ஜனவரி 6ஆம் திகதி, கிளீவ்லண்ட் நகரப் பிரதிநிதி ஸ்டெஃபனி டப்ஸ் ஜோன்ஸ் எழும்பினார். ஒஹாயோவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். முன்னர் நீதிபதியாக இருந்தவர். அவருடைய ஆட்சேபணையில் இந்தத் தடவை செனட்டர் ஒருவரின் கையொப்பமும் இருந்தது. கையொப்பம் போட்டவர் கலிபோர்னியாவின் பார்பரா பொக்ஸர். 2001இல் கையொப்பம் போடாததற்கு வருந்துவதாக அவரே சொல்லியிருக்கிறார். சட்டப்படி இரண்டு சபைகளும் பிரிந்து போய் விவாதித்தன. 1887க்குப் பிறகு அப்படி ஒரு விவாதம் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1969இல், நடந்திருந்தது.

முடிவு என்ன? பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 31, எதிராக 267. செனட் சபையில் ஆதரவாக 1, எதிராக 74. அந்த ஒன்று பொக்ஸரின் வாக்கு. தோற்ற வேட்பாளர் ஜோன் கெரிகூட இந்த ஆட்சேபணையில் சேரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தோற்பார்கள் என்று தெரிந்தே எழும்பினார்கள். முடிவை மாற்றுவது எங்கள் நோக்கமில்லை, நடந்ததைச் சபையில் பதிய வேண்டும் என்பதே நோக்கம் என்று இருவரும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் வெறுங்கையோடு வரவும் இல்லை. ஜோன் கொன்யர்ஸ் என்ற மூத்த உறுப்பினரின் குழு ஒஹாயோவுக்குப் போய், மக்களிடம் வாக்குமூலம் எடுத்து ஓர் அறிக்கையே தயாரித்திருந்தது. விடிய விடிய வரிசையில் நின்றவர்களின் கதை சபைக் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. இனி அதை அழிக்க ஏலாது.

அப்படியென்றால் 2021இல் ட்ரம்ப்பின் ஆட்கள் செய்ததும் இதுதானே என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்றும் எழுத்தில் ஆட்சேபணை இருந்தது, கையொப்பமும் இருந்தது. அரிசோனா ஆட்சேபணைக்குப் பிரதிநிதிகள் சபையில் 121 பேர் ஆதரவு. 2005இன் 31ஐவிட எவ்வளவோ கூட. ஆனால் அதற்கு முன்பே அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குப் போட்டு, ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றிருந்தார்கள். காட்டுவதற்கு ஆதாரம் இல்லை. நோக்கமும் பதிவு செய்வதல்ல, வென்றவரை உட்காரவிடாமல் தடுப்பது. அன்றைக்கே ஒரு கூட்டம் கட்டடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். கறுப்பின வாக்காளர் கூடுதலாக இருக்கும் நகரங்களைத்தான் அவர்கள் அதிகமாகக் குற்றம் சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வாக்கு இழந்தவர்களுக்காக எழும்புவதும், வாக்குப் போட்டவர்களின் வாக்கைத் தள்ளிவிடச் சொல்லி எழும்புவதும் நமக்கு ஒன்றல்ல. அதன் பிறகு 2022இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கையொப்பம் வேண்டும். டப்ஸ் ஜோன்ஸும் பொக்ஸரும் இன்று எழும்பினால் அந்த விவாதம் நடந்திருக்காது.

நமக்கு இதில் ஒட்டும் இடம் ஒன்று இருக்கிறது. புளோரிடாவில் வாக்குப் பறிபோனது எண்ணும் நாளில் மட்டும் இல்லை, அதற்கு முன்பே இடாப்பில். நம் பாட்டன் பாட்டிமாருக்கும் அப்படித்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை இல்லாதவர் பெயரை இடாப்பிலிருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் மலையகத் தோட்ட மக்கள் சார்பில் ஒருவர்கூட பாராளுமன்றம் போகவில்லை. அந்த வருடம் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆனால் சபைக்குள் எழும்பி நிற்க நம் ஆள் இல்லை. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்து சேர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று சட்டம் நம்மை வெட்டவில்லை. ஆனால் பாடசாலையில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் பிள்ளைகள் பத்திரங்களைக் கொண்டுவருவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தாயின் அடையாள அட்டையில் வேறு எழுத்து, இடாப்பில் மூன்றாவது எழுத்து. முத்துலெட்சுமி ஒரு தாளில் முத்துலக்ஷ்மி, இன்னொன்றில் வெறும் லெட்சுமி. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. லயத்தில் பத்துக் காம்பராவுக்கு ஒரே விலாசம் என்பதால் படிவம் கணக்கப்பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடுகிறது. இதை வாக்குப்போடும் நாளில் கண்டுபிடித்துச் சத்தம் போட்டுப் பயனில்லை.

பின்னால் மேசையில் ஒவ்வொரு பிரிவுக்குமான இடாப்புப் பிரதி வைத்திருக்கிறோம். தேத்தண்ணிக்குப் பிறகு உங்கள் லயத்தைத் தேடிப் பாருங்கள். விடுபட்ட பெயர், பிழையான எழுத்து, இறந்துபோயும் இடாப்பில் இருப்பவர்கள், எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். கீழே தலைவியும் இன்னொருவரும் திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள். ஒரு பிரதி கிராம சேவகருக்கு, ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு, ஒன்று உங்கள் கையில். கையொப்பம் போடத் தயங்குகிறவர்கள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.