பரிசலில் ஏறுமுன்



அடுத்த மாதம் நம் குடியிருப்பிலிருந்து ஒகேனக்கல் போகிறோம். பரிசலைப் பற்றி நான்கு வார்த்தை பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

பரிசல் வட்டமானது. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. மூங்கிலைப் பிளந்து பின்னி, அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் தார் பூசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல். ஒரே துடுப்புதான். பரிசல்காரர் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க இழுக்க அது நகரும். கொஞ்சம் மாற்றிப் போட்டால் பம்பரமாகச் சுற்றும். இரு பக்கமும் பாறைச் சுவர், முகத்தில் அருவிச் சாரல். அந்த சுகத்தை அனுபவித்தவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள்.

ஆனால் காவிரியில் தண்ணீர் ஏற ஒகேனக்கலில் மழை பெய்ய வேண்டியதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்துவிட்டால் போதும். இங்கே வெயில் கொளுத்தும்போதே ஆறு பெருகும். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். "விநாடிக்கு 10,000 கன அடி" என்று பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். கோடையில் நமக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு விநாடியும் 23 லாரிக்கு மேல்! நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுவது இதனால்தான்.

பல வருடங்களுக்கு முன் அப்படியொரு தடை நாளில் நாங்கள் போனோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று, பரிசல் துறைக்கு அப்பால் ஒருவரிடம் கூடுதல் பணம் கொடுத்து ஏறினோம். லைஃப் ஜாக்கெட் இல்லை. நடு ஆற்றில் போட்டோ எடுக்க நான் எழுந்து நின்றேன். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஆறு வயது மகளின் சட்டையை என் மனைவி பிடித்த பிடியில் பித்தான்கள் தெறித்தன. பணம் வாங்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசை காட்டியது நான்.

கிளம்புகிற அன்று காலை நீர்வரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். தடை என்றால் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். பரிசல் உண்டென்றால் ஜாக்கெட்டின் பட்டியைக் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் கேட்டு வாங்குங்கள். கரை சேரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, செல்ஃபிக்குக்கூட.

என் மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறார். கரையிலேயே உட்கார்ந்திருப்பாராம்.