வார்டில் பிறந்த ஆராய்ச்சி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். "ஆராய்ச்சியெல்லாம் பிஎச்.டி. பண்றவங்க வேலை சார், நமக்கெதுக்கு?" என்று நம்மவர்கள் பலர் கேட்பதுண்டு. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங் குழந்தையின் மேல் எரியும் நீல விளக்குதான் அதற்கு என் பதில்.

1956ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் எஸெக்ஸ் பகுதியிலுள்ள ராக்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பாளர், சிஸ்டர் ஜீன் வார்டு என்ற செவிலியர். நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார். ஒருநாள் ஒரு குழந்தையைத் துணி விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பில் மஞ்சள் வெளிறியிருந்தது. விரிப்பின் முனை மூடியிருந்த முக்கோண இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது!

சில வாரங்கள் கழித்து, காமாலைக் குழந்தையின் ரத்தம் இருந்த சோதனைக் குழாய் ஒன்று சன்னலோர வெயிலில் கிடந்தது. சோதித்தால் பிலிருபின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. டாக்டர் கிரெமரும் சகாக்களும் குழந்தைகளை முதலில் வெயிலிலும் பிறகு குழல் விளக்கிலும் வைத்து, அளந்து, 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதுவரை பிலிருபின் அபாய அளவுக்கு ஏறினால், மூளையைக் காக்கக் குழந்தையின் ரத்தத்தையே மாற்றியாக வேண்டும். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு விளக்கே போதுமானதாகிவிட்டது.

கண்டது செவிலியர், அளந்து நிரூபித்தது மற்றவர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் ஆராய்ச்சி. ஆனால் கட்டுரையாசிரியர்களாக அச்சான மூன்று பெயர்களில் அவர் பெயர் இல்லை.

நம் வேலைக்கு வருவோம். விளக்கு எரிவது வேறு, வேலை செய்வது வேறு. குழல் விளக்கு பழசானால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சிகிச்சைக்கு வேண்டிய ஒளி குறைந்திருக்கும். எல்.இ.டி. விளக்கானாலும் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது, ஒளி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டே எப்போது விளக்கு மாற்றவேண்டும் என்று சொல்லும். இதுவும் ஆராய்ச்சிதாங்க!

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுகளில் சிலவற்றுக்காவது கேள்வி வார்டிலிருந்து வரட்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட செவிலியரின் பெயரும் அறிக்கையின் முகப்பில் இருக்கட்டும்.